நாச்சிமுத்து களத்தில் முடியாத செவ்வாய்க்கிழமை

காங்கயத்திலிருந்து வெள்ளகோவில் போகிற ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற நொச்சிக்காட்டுப்புதூரில், நாச்சிமுத்துவின் கொப்பரைக் களத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பொழுது சாயவில்லை. ஊரில் சாய்ந்தது, ரோட்டில் சாய்ந்தது, களத்தைச் சுற்றி நிற்கிற கிளுவை வேலி வரைக்கும் இருட்டு ஒழுங்காக வந்து நின்றது. வேலிக்கு உள்ளே மட்டும் நாலு மணி வெயில், டீ குடிக்கிற நேரத்து வெயில், மேற்கே வேப்பமரத்துக்கு மேலே உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றது. நம்புகிறவர்கள் நம்பலாம், நம்பாதவர்கள் அடுத்த கடை பார்க்கலாம். சரக்கு இதுதான், இதில் பேரம் கிடையாது.

நான் நாச்சிமுத்துவிடம் பருப்பு வாங்குகிறவன். மற்ற இடத்தில் கொப்பரை என்பார்கள், எங்களுக்குப் பருப்பு. தேங்காயை இரண்டாக உடைத்து, மூடிகளை வானம் பார்க்க வரிசை வரிசையாகக் களத்தில் பரப்பி வைத்தால், வெயில் அதன் பாலைக் குடிக்கக் குடிக்கப் பருப்பு சுருங்கி ஓட்டை விட்டுக் கழன்று வரும். மற்ற களங்களில் பனி விழும் என்று பொழுதோடு தார்ப்பாய் போட்டு மூடுவார்கள். நாச்சிமுத்துவுக்குத் தார்ப்பாய் ஆகாது, உள்ளே வேர்த்துப் பருப்பு கறுக்கும் என்பான். அதனால் அவன் களத்தில் மட்டும் சாயங்காலம் பெண்கள் வரிசையாகக் குனிந்து ஒவ்வொரு மூடியாகக் கவிழ்த்து வைப்பார்கள், காலையில் வந்து நிமிர்த்தி வைப்பார்கள், முகம் வெயிலுக்கு, முதுகு பனிக்கு. கடைசி மூடி கவிழ்வதும் பொழுது மறைவதும் ஒன்றாக நடக்கும். இது என்ன பொருத்தம் என்று அதுவரை ஒருத்தனும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. தினமும் நடக்கிற காரியத்துக்குக் காரணம் கேட்கிறவன் வியாபாரத்துக்கு ஆக மாட்டான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை டீ டம்ளர் கையில் இருக்கும்போது, களத்துப் பெண்களுக்கெல்லாம் முன்னால் நின்று வேலை நடத்துகிற மயிலாத்தாள் பேச்சை எடுத்தாள்.

"ஏனுங்ணா, ஒடைக்கறதுக்குக் கூலி குடுக்கறீங்கொ, பருப்பு நோண்டறதுக்குக் குடுக்கறீங்கொ. பொழுதோட மூடி கவுத்தறமே, அதுக்கு?"

"கவுத்தறதெல்லாம் ஒரு வேலையா? போற போக்குல கையைத் தட்டிட்டுப் போறது. அது கொசுறு."

"ஒரு வரிசை குனிஞ்சு பாருங்கொ. கொசுறா அசலான்னு இடுப்பு சொல்லும்."

"பொழுதுங்கூடத்தான் தெனமும் சாயுது," என்றான் நாச்சிமுத்து. "அதுக்கு எவன் கூலி குடுக்கறான்?"

மயிலாத்தாள் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். "அப்ப அதுவே வந்து கவுத்தட்டும்," என்று சொல்லிவிட்டு, சோறு கொண்டுவந்த தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு நடந்தாள். அவள் பின்னால் மற்ற பெண்களும் போனார்கள். களம் முழுக்க மூடிகள் வாயைத் திறந்துகொண்டு வானத்தைப் பார்த்தபடி கிடந்தன, வானத்தில் வெயில் நின்றுவிட்டது.

நாச்சிமுத்துவுக்கு முதலில் சந்தோஷம்தான். என்னைக் கூப்பிட்டு, "பாத்தியா, சாமி எம் பக்கம்," என்றான். ஓயாத வெயிலில் பருப்பு வழக்கத்துக்குப் பாதி நாளில் சுருங்கியது. ஊரும் சும்மா இருக்கவில்லை. இலவசமாக வெயில் கிடைக்கிறது என்றால் எங்கள் சனம் விடுமா. மிளகாய் காயப்போட வந்தார்கள், வடகம் ஊற்ற வந்தார்கள், கண்ணபுரத்துச் சந்தையில் காளை வாங்கினவர்கள் பொழுது போனபின்பும் பல் பிடித்துப் பார்க்க அங்கே ஓட்டி வந்தார்கள், புதுச்சேலையின் நிறம் கடை விளக்கில் ஒன்றாகவும் வெயிலில் ஒன்றாகவும் இருக்கிறது என்று சந்தேகப்பட்டவர்கள் கடைக்காரனையே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்கள், வேலியோரத்தில் கிட்டான் ஒரு டீக்கடை போட்டு, பெஞ்சின் ஒரு முனையை வெயிலிலும் மறு முனையை இருட்டிலும் வைத்தான், குளிருகிறவர்கள் அந்தப் பக்கமும் வேர்க்கிறவர்கள் இந்தப் பக்கமும் நகர்ந்து உட்கார்ந்து ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்தார்கள். கோழிகள் முட்டை இட்டுக்கொண்டே இருந்தன. சேவல் மட்டும் எப்போது கூவுவது என்று தெரியாமல் பேச்சை நிறுத்திவிட்டது.

ஊர்ப் பள்ளிக்கூடத்து ஜெயசுதா டீச்சர் பிள்ளைகளைக் கூட்டிவந்து களத்தின் நடுவில் நின்று பாடம் நடத்தினார். ஒரு முழுத் தேங்காயைக் காம்பைப் பிடித்து வெயிலில் காட்டி, அதன்மேல் ஓர் எறும்பை விட்டு, மெள்ளச் சுற்றினார். "வெயில் எங்கியும் போறதில்ல. தேங்காதான் சுத்துது, மேக்க இருந்து கெழக்க. எறும்பு வெளிச்சத்துப் பக்கம் வந்தா அதுக்குப் பகல், அந்தப் பக்கம் போனா அதுக்கு ராத்திரி. ஆனா எறும்பு என்ன நெனைக்கும்? நான் அப்படியேதான் இருக்கறேன், வெயில்தான் என்னைத் தாண்டி மேக்க போகுதுன்னு நெனைக்கும்."

நாச்சிமுத்துவுக்கு இது பிடிக்கவில்லை. "பொழுது கெழக்க இருந்து மேக்க போறத நான் பொறந்ததுல இருந்து பாத்துட்டிருக்கறனுங் டீச்சர். பூமி சுத்துனா எங் கெணத்துத் தண்ணி சிந்தியிருக்காதா?"

"பஸ்ஸுல போறப்ப உங்க மடியில இருக்கற தூக்குப்போசித் தண்ணி சிந்துதுங்களா? பஸ் குலுங்காமப் போனா?"

"எங்கூரு பஸ்ஸு குலுங்காமப் போயி நீங்க பாத்திருக்கீங்களா?"

பிள்ளைகள் சிரித்தார்கள், டீச்சரும் சிரித்துவிட்டார். நான்தான் கேட்டேன்: "அப்ப இந்தக் களம் மட்டும் ஏன் டீச்சர் நின்னு போச்சு?"

அவர் தேங்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சுத்தறதுக்குக் காரணம் புத்தகத்துல இருக்குதுங்க. நிக்கறதுக்கு இல்ல."

இப்படி எல்லாரும் வெயிலைப் பங்கு போட்டுக்கொண்டிருக்க, வெயிலுக்குச் சொந்தக்காரன்தான் மாட்டிக்கொண்டான். எப்படி என்றால், நாச்சிமுத்து செவ்வாய்க்கிழமை தன் வாசலைத் தாண்டி ஒரு துரும்பும் வெளியே விட மாட்டான். எங்கள் பக்கம் பலரும் அப்படித்தான், ஆனால் இவனுக்கு அது வெறும் சாஸ்திரம் அல்ல. அவன் பெண்டாட்டி ஒரு செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்கு என்று வாசல் தாண்டினவள் திரும்பி வரவில்லை. லாரியைக் கொண்டுபோய் வேலியில் நிறுத்திக்கொண்டு நான் லோடு கேட்டபோது, "நாளைக்கு," என்றான். மறுநாள் போனேன். ஊரில் புதன்கிழமை. அவன் வெயிலைக் காட்டினான். "பொழுது விடிஞ்சாத்தான மறுநாளு? இங்க எங்க விடிஞ்சுது?"

சண்டை போட்டேன், சட்டையைப் பிடிக்காத குறைதான். ஜோசியரைக் கூட்டிவந்தோம். அவர் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கிழமை என்பது சூரிய உதயத்திலிருந்து சூரிய உதயம் வரை, வேலிக்கு உள்ளே உதயம் ஆகவில்லை, ஆகையினால் உள்ளே இன்னும் செவ்வாய்க்கிழமைதான் என்று சொல்லி, தட்சிணையை மட்டும் வேலிக்கு வெளியே வந்து வேறொருவர் கையால் வாங்கிக்கொண்டு போனார். ஊரும் அதை ஒப்புக்கொண்டது. வெளியே வெள்ளி வந்தது, ஞாயிறு வந்தது, அடுத்த செவ்வாயும் வந்து போனது. உள்ளே அதே செவ்வாய். உடைக்கவும் நோண்டவும் வெளியாட்கள் வந்து போனார்கள், பருப்பு குவிந்தது. மழைக்காலத்துக்குச் சேர்த்து வைத்த எறும்புப் புற்று மாதிரி, குடோன் நிறைந்து, வாசல் நிறைந்து, மாட்டுக்கொட்டகையும் நிறைந்தது.

இதெல்லாம்கூடப் போகட்டும். களத்து வேலிக்கு உள்ளேயே இருக்கிற வீட்டில் அவன் மகள் கோகிலமணி பிரசவத்துக்கு வந்து, பெண்குழந்தை பெற்று, புருஷன் வீட்டுக்குக் கிளம்ப இருந்தவள். தாயில்லாமல் வளர்த்த ஒரே பெண். மாப்பிள்ளை லோகநாதன் கார் எடுத்துக்கொண்டு தினமும் சாயங்காலம் வந்து வேலிக்கு வெளியே இருட்டில் நிற்பான்.

"மாமா, இன்னைக்கு அனுப்பறீங்களா?"

"செவ்வாக்கெழம பொண்ண அனுப்பச் சொல்றீங்களா மாப்ள?"

"எனக்கு வியாழக்கெழமைங் மாமா."

"உங்களுக்கு," என்பான் நாச்சிமுத்து.

லோகநாதன் உள்ளே வந்து வெயிலில் குழந்தையைக் கொஞ்சிவிட்டு மறுபடி இருட்டுக்குள் போவான். குழந்தையோ தூங்கவில்லை. வெயில் நின்ற நேரத்திலிருந்து அது கண்ணை மூடவே இல்லை. கதவைச் சாத்திப் பார்த்தார்கள், ஜன்னலுக்குக் கம்பளி கட்டினார்கள், கோகிலமணி தன் முந்தானைக்குள் போட்டு மூடிப் பார்த்தாள். குழந்தைக்குத் தெரிந்திருந்தது, சுவருக்கு அந்தப்பக்கம் ராத்திரி இல்லை என்று. நமக்கெல்லாம் ராத்திரி எப்படியிருக்கும் என்று நினைப்பு இருக்கிறது, அந்த நினைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெயிலிலும் தூங்கிவிடுவோம். அதற்கு அந்த நினைப்பு சேர்வதற்குள் வெயில் நின்றுவிட்டது. அழாமல், சிணுங்காமல், கண்ணைத் திறந்தபடி நாளுக்கு நாள் மெலிந்தது.

"வேலி தாண்டி ஒரு ராத்திரி மட்டும் தூக்கிட்டுப் போயிட்டு வந்தர்றனுங்ப்பா," என்று ஒருநாள் அவள் புறப்பட்டாள். நாச்சிமுத்து வாசலில் குறுக்கே நின்றான். "உங்கம்மாளும் போயிட்டு வந்தர்றேன்னுதான் சொன்னா."

அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே திரும்பினாள்.

அந்த வாரமே நான் குவியலில் இருந்து ஒரு பருப்பை எடுத்தேன். மேலே வெள்ளையாக, கல் மாதிரி காய்ந்திருந்தது. என் கைக்குச் சந்தேகம். உடைத்தேன். உள்ளே பச்சையாகப் பூசணம். இன்னொன்றை உடைத்தேன், அதுவும் அப்படியே.

"மேல காஞ்சிருக்குது, உள்ள அழுவுது," என்றேன். "வெயில் மேல இருக்கற ஈரத்தத்தான் குடிக்கும். உள்ள இருக்கற ஈரம் வெளிய வர்றதுக்கு ராத்திரி வேணும்யா. உனக்குத் தெரியாததா? இதைக் கொண்டுபோயி நான் எவன் தலையில கட்டறது?"

நாச்சிமுத்து அந்தப் பாதியை வாங்கி மோந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்தான். பிறகு எழுந்து, "கவுத்தோணும், அவ்வளவுதான? நானே கவுத்தறேன்," என்றான்.

சந்தையிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்தான். பொழுது போகிற திசையில் துரத்தினால்தான் பொழுது ஓடும் என்பது அவன் கணக்கு. கிழக்கு மூலையில் ஆரம்பித்து, மேற்கே பார்த்து, வரிசை வரிசையாக மூடிகளைக் கவிழ்த்துக்கொண்டு போனார்கள். களத்தைத் தெரியாதவர்கள் செய்கிற தப்பு அல்ல அது. அதிலேயே பிறந்து வளர்ந்து, ஒரு நாளும் குனியாமல் திண்டில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தவன் மட்டும் செய்யக்கூடிய தப்பு. ஏனென்றால் மயிலாத்தாளின் ஆட்கள் எப்போதும் மேற்கு மூலையில் ஆரம்பித்துக் கிழக்கே போவார்கள். இவர்கள் கவிழ்க்கக் கவிழ்க்க வேப்பமரத்து மேலிருந்த வெயில் பின்னுக்கு நகர்ந்தது. தென்னை உயரத்துக்கு ஏறியது. கடைசி மூடி கவிழ்ந்தபோது உச்சந்தலைக்கு மேலே வந்து நின்றது. நிழல்கள் எல்லாம் காலுக்கடியில் போய் ஒளிந்துகொண்டன. உச்சி வந்துவிட்டதே என்று ஆட்கள் பழக்கத்தில் இரண்டாம் தடவை சோற்றுப்போசியைத் திறந்தார்கள். நாச்சிமுத்து பதறிப்போய் எல்லாவற்றையும் நிமிர்த்தி வைக்கச் சொன்னான். நிமிர்த்தினார்கள். வெயில் அசையவில்லை. நாலு மணி வெயில் போய் இப்போது நடுப்பகல் வந்து குடியேறிவிட்டது.

அன்றைக்கு ஊரில் இருட்டின பிறகு அவன் வேலியோரம் போய் நின்றான். நானும் கூட நின்றேன். மயிலாத்தாளும் மற்ற பெண்களும் இப்போது பக்கத்துக் களத்தில் வேலை பார்த்தார்கள், வேலை விட்டு அந்த வழியாகத்தான் வீட்டுக்குப் போவார்கள். நாங்கள் நின்றது உச்சி வெயிலில். வேலிக்கு அந்தப்பக்கம் கறுப்பு. அவள் எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை, எங்கள் முகத்தில் ஓடுகிற ஒவ்வொரு வேர்வைத் துளியும் அவளுக்குத் தெரியும். பேரத்தில் வெளிச்சத்தில் நிற்கிறவன் தோற்பான், இதை நான் அடிபட்டுக் கற்றிருக்கிறேன். நாச்சிமுத்துவின் காதில் சொல்லவும் சொன்னேன். அவன் கேட்கவில்லை.

"மயிலா."

"ஆருங்க அது?" என்றது இருட்டு. தெரிந்துகொண்டேதான் கேட்டாள்.

"நாந்தான். உள்ள வா, பேசோணும்."

"உள்ள செவ்வாக்கெழமைங்ளாமா. எனக்கு இங்க வேற கெழம ஓடிட்டிருக்குதுங்ணா."

"கவுத்தறதுக்கு என்ன வேணும்னு கேளு. தீபாவளிக்கு எல்லாருக்கும் சீலை எடுத்துத் தர்றேன்."

"சீலை இருக்குதுங்."

"சரி, நோண்டற கூலியை ஏத்தித் தர்றேன்."

"தொகை அப்பறம் பேசிக்கலாம்ங்ணா. மொதல்ல பேரு. கவுத்தறது வேலையா, கொசுறா? அதச் சொல்லுங்கொ."

நாச்சிமுத்து துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். அவனை எனக்குத் தெரியும், பணம் கொடுத்துவிடுவான், வார்த்தை கொடுக்க மாட்டான். எனக்குப் பொறுக்கவில்லை. "யோவ், சொல்லித் தொலையேன். வாயில என்ன, பருப்பா ஊற வெச்சிருக்கற?" என்று கத்தினேன். இருட்டில் யாரோ சிரித்தார்கள். ஒருத்தி இல்லை, பல பேர். எல்லாரும் அங்கேதான் நின்றிருக்கிறார்கள்.

அப்போது கோகிலமணி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து அவன் பக்கத்தில் நின்றாள். "இவ கண்ணப் பாருங்ப்பா," என்றாள்.

அவன் குனிந்து பார்த்தான். நானும் பார்த்தேன். குழந்தையின் இரண்டு கண்ணிலும் எள்ளளவுக்கு ஒவ்வொரு சூரியன், உச்சியில், அசையாமல்.

"வேலைதான்," என்றான் நாச்சிமுத்து.

"காது கேக்கலீங்ணா."

"கவுத்தறது வேலைதான், மயிலா. அசல் வேலை."

கிளுவை முள்ளை விலக்கிக்கொண்டு அவள் வெயிலுக்குள் வந்தாள், கண்ணைக் கூசிக்கொண்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு. கூலி பேசினார்கள். சீக்கிரம் முடிந்தது. முடிந்ததும், "கொசுறா ஒண்ணு கேப்பேன்," என்றாள். "கடைசி மூடி நீங்க கவுத்தோணும்."

பெண்கள் மேற்கு மூலைக்குப் போனார்கள். வரிசை பிடித்துக் குனிந்தார்கள். கவிழ்க்கிற சத்தம் தெரியுமா உங்களுக்கு? ஓடு சிமெண்டில் உட்கார்கிற சத்தம், டொக், டொக், டொக் என்று, ஒரு பெரிய மழைக்கு முந்தின துளிகள் மாதிரி. முதல் வரிசை கவிழ்ந்ததும் என் காலடியில் இருந்து என் நிழல் தலையை வெளியே நீட்டியது. அவர்கள் கிழக்கே வர வர அது நீண்டது, வேப்பமர நிழல் நீண்டது, நிற்கிற தரை மெள்ளப் பின்னால் சாய்கிற மாதிரி எனக்குக் காலில் ஒரு கூச்சம் எடுத்தது, நான் வேலிக் கல்லைப் பிடித்துக்கொண்டேன். வெயில் எங்கேயும் போகவில்லை. நாங்கள்தான் போய்க்கொண்டிருந்தோம், களமும் கிணறும் லாரியும் பூசணம் பிடித்த பருப்பும் எல்லாம் சேர்ந்து கிழக்கே, குலுங்காத ஒரு பஸ்ஸில்.

கிழக்கு மூலையில் ஒரே ஒரு மூடி பாக்கி. அதற்குள் ஒரு கரண்டி வெளிச்சம். நாச்சிமுத்து வந்தான். அவனுக்குக் குனிவது எப்படி என்று தெரியவில்லை. முழங்காலை மடக்குவதா, இடுப்பை மடக்குவதா என்று கொஞ்சம் தடுமாறி, கடைசியில் குந்தி உட்கார்ந்து, இரண்டு கையாலும் கவிழ்த்தான்.

இருட்டியது. கோகிலமணியின் தோளில் குழந்தை ஒரு கொட்டாவி விட்டது, அதன் உடம்பு அளவுக்குப் பெரிய கொட்டாவி, விட்டுவிட்டுத் தூங்கியது. கவிழ்ந்து கிடந்த மூடிகள் எல்லாம் உள்ளே அடக்கி வைத்திருந்ததை மெள்ள வெளியே விட்டன, களம் முழுக்கப் புதுத்தேங்காய் வாசம்.

இதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டு நான் லாரியில் படுத்துத் தூங்கினேன். எழுந்தபோது ஊரில் நன்றாக விடிந்திருந்தது. வேலிக்கு உள்ளே இருட்டு, தொட்டியில் நிரப்பின தண்ணீர் மாதிரி விளிம்பு வரை நின்றது. லோகநாதன் காரைக் கழுவி வைத்துக்கொண்டு காத்திருந்தான். கிட்டான் கடை பெஞ்சில், காலை வெயில் முகத்தில் அடிக்க, மயிலாத்தாளும் பெண்களும் சாவகாசமாக டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

உள்ளிருந்து நாச்சிமுத்துவின் குரல் மட்டும் வந்தது. "மயிலா, நேரமாச்சு. வந்து நிமுத்துங்க."

"நேத்துக் கவுத்தறதுக்குத்தான பேசுனோம்ங்ணா," என்றாள் அவள், டம்ளரில் இருந்து வாயை எடுக்காமல். "நிமுத்தறதுக்கு இன்னும் பேசலீங்."

இப்போது வெளிச்சத்தில் இருப்பது அவள், இருட்டில் நிற்பது அவன். நான் கற்ற வியாபாரப்படி அவன்தான் ஜெயிக்க வேண்டும். என்ன சொல்லப்போகிறான் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். உள்ளே குழந்தை தூக்கத்தில் மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்டது.

"அதுவும் வேலைதான்," என்றான் நாச்சிமுத்து. "என்ன வேணும்னு நீயே சொல்லு. நான் கொறச்சுக் கேக்கல."

என் பிழைப்பில் கேட்காத பேச்சு அது. மயிலாத்தாளும் அதை எதிர்பார்க்கவில்லை. டம்ளரை வைத்துவிட்டு எழுந்தவள், கேட்க நினைத்ததைவிடக் குறைவாகத்தான் கேட்டாள் என்று அவள் முகத்தைப் பார்த்து நான் சொல்வேன். உள்ளே போனார்கள். இருட்டில் முதல் மூடி நிமிர்கிற சத்தம் கேட்டது, அந்த மூடிக்குள் ஒரு சொட்டு வெளிச்சம் விழுந்தது, சேவல் ரொம்ப நாள் பேசாதவன் குரலில் கூவியது. கோகிலமணி தூங்குகிற குழந்தையோடு வாசலைத் தாண்டியபோது நாச்சிமுத்து குறுக்கே நிற்கவில்லை. அவனுக்கு அன்றைக்குப் புதன்கிழமை.

ஊரில் அன்றைக்கு என்னவோ ஞாயிறோ திங்களோ. இன்றைக்கும் அந்தக் களத்தில் கிழமை ஊருக்குப் பிந்தித்தான் ஓடுகிறது. லோடு ஏற்றப் போகிறபோது வேலியில் நின்று, "இன்னைக்கு உள்ள என்ன கெழம?" என்று கேட்டுக்கொண்டுதான் நான் காலை உள்ளே வைக்கிறேன்.